ஓட்டையைக் காப்பாற்றக் காரைக்காலுக்கு

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்ட புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் வயிறு நிறையப் புட்டும் சம்பலும் தின்றுவிட்டு அவர் அதில் ஒருமுறையாவது ஏறிப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். நடுக்கடலில் புட்டு போயிற்று, அதன் பின்னால் சம்பல் போயிற்று, இந்தியக் கரை தெரிவதற்குள் முந்தின நாள் சாப்பிட்டதன் ஞாபகமும் போயிற்று.

பக்கத்து இருக்கையில் சேலை வியாபாரத்துக்குப் போகும் அம்மா ஒருத்தி இருந்தார். கைப்பையிலிருந்து தேசிக்காய், அதாவது எலுமிச்சை ஒன்றை எடுத்து என் மூக்கடியில் பிடித்தார்.

"மணந்து பாருங்கோ தம்பி. என்ன அலுவலாய்ப் போறியள்?"

"ஒரு ஓட்டை விசயமாய், அம்மா."

"கூரையோ?"

"இல்லை. ஒரு நட்சத்திரத்தைச் சுத்தி இருக்கிற ஓட்டை."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தேசிக்காயை நானே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பையோடு அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

அந்த ஓட்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு தட்டுப் போலச் சுழன்றுகொண்டிருக்கும். கோள்கள் அந்தத் தட்டில்தான் உருவாகின்றன. நம் பூமியும் வியாழனும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட ஒரு தட்டில் கிடந்த குப்பைதான். அதில் எவ்வளவு வாயு, எவ்வளவு தூசி என்று அளப்பது என் தொழில். தூசி நல்ல பிள்ளை; தன் சூட்டுக்கு ஏற்றபடி ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வாயுதான் கள்ளன். அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன். அந்தக் குளிரில் அது வாயே திறக்காது. ஆகவே அதோடு கூடத் திரியும் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடைப் பிடித்து விசாரித்து, அது சொல்வதை வைத்து மற்றதை ஊகிக்க வேண்டும். பொலிஸ்காரன் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை, நாங்கள் அடிப்பதில்லை என்பதைத் தவிர.

இதற்கான ஆன்டெனாக்கள் சிலி நாட்டுப் பாலைவன மேட்டில் நிற்கின்றன. நான் அங்கே போனதில்லை. போன பணக்காரர்கள் எடுத்த பதிவுகளை ஒரு வருடம் கழித்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நானும் ஜுலைகாவும் அப்படி இறக்கிப் பிழைக்கும் சாதி. அவர் ஊர் காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம். நெதர்லாந்தில் ஒரு கோடைப் பயிற்சியில் சந்தித்தோம். அந்த வகுப்பில் மூன்று வேளையும் ரொட்டி தின்று மனம் உடைந்துபோயிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு அவருக்குக் கல்யாணமாகி, கணவர் துபாய் போய், குழந்தை பிறந்து, அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருந்தார். கணினி மட்டும் ஓயவில்லை.

எங்கள் தட்டு ஒன்றின் நடுவே வாயு இல்லாமல் ஒரு ஓட்டை தெரிந்தது. நடுவில் ஓட்டை என்றால், அங்கே ஒரு கோள் வளர்ந்துகொண்டு அக்கம்பக்கத்து வாயுவை எல்லாம் வாரி விழுங்குகிறது என்று அர்த்தம். ஒரு கோள் பிறப்பதைக் கண்டுவிட்டோம். கட்டுரை எழுதினோம்; முதல் ஆசிரியர் நான், இரண்டாம் ஆசிரியர் அவர். நல்ல ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேரும் சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்திவிட்டேன். ஜுலைகா மூன்று வாரமாக அழுத்தவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. வாட்சப்பில் இரண்டு நீலக் கோடு விழும், அதற்குமேல் ஒன்றும் வராது. வியாழக்கிழமை மாலை கடைசித் தவணை.

எனக்கு அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். இந்தக் கட்டுரை வந்தால் நிரந்தரம், வராவிட்டால் வீடு. போதாக்குறைக்கு என் அம்மா ஊருக்கெல்லாம் சொல்லி, சனசமூக நிலையத்துக்காரர் சந்தியில் ஒரு பதாகையும் கட்டிவிட்டார்கள். அதில் சனிக்கோளும் என் தலையும் ஒரே அளவில் இருந்தன. எங்கள் கோளுக்கு வளையம் கிடையாது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே வருகிறேன் என்று ஒரு செய்தி போட்டுவிட்டுத் திங்கட்கிழமை கப்பலேறினேன். ஜுலைகாவின் விரலைப் பிடித்தாவது அந்தப் பொத்தானை அழுத்த வைப்பது என்பது திட்டம்.

நாகப்பட்டினத்தில் பஸ் ஏறினேன். நாகூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆட்சி தொடங்குகிறது. அதற்குப் பலகை வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கத் தேவையில்லை. சாராயக் கடைகள் வரிசையாக வந்து நின்று கையெடுத்துக் கும்பிடுகின்றன. அதுவரை தூங்கி வழிந்த மூன்று பேர் சொல்லி வைத்தாற்போல் விழித்து இறங்கிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன தூக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

கண்டக்டர் தோளைத் தட்டியபோது இரு பக்கமும் வயல்.

"எங்க எறங்கணும் நீங்க?"

"திருமலைராயன்பட்டினம்."

"பட்டினம் போயி அரை மணி நேரமாச்சு. காரைக்கால் போச்சு, கோட்டுச்சேரி போச்சு. கூவிக் கூவிப் பாத்தேன், நீங்க அசையவே இல்ல. இது வரிச்சிக்குடி. இன்னும் கொஞ்சம் உட்டா மறுபடி தமிழ்நாடு வந்துரும். எறங்கிக்குங்க."

ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரே குட்டித் தூக்கத்தில் கடந்திருக்கிறேன். எங்கள் ஊரில் தூங்கினால் அடுத்த தரிப்பிடத்துக்குத்தான் போவோம். இங்கே மாநிலமே மாறிப்போகிறது. இறங்கி வரப்போரம் நின்றபோது, மருந்து தெளிக்கும் டேங்கைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் வரை விடுகிறேன், டேங்கை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துக்கொண்டேன். அதன் மூடி சரியில்லை என்பதைக் கோட்டுச்சேரியில் என் கால்சட்டை கண்டுபிடித்தது. இறக்கிவிட்டபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணும் பயமில்ல. பூச்சி மட்டும்தான் சாவும்."

இப்படியாக, பூச்சிமருந்து மணக்க மணக்க பட்டினத்தில் ஜுலைகா வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தது ஜுலைகாவின் உம்மா. மூக்கைச் சுளிக்காமல் சிரித்தார். அது லேசான காரியமில்லை.

"வாங்க தம்பி, வாங்க. மொதல்ல குளிங்க. உடுப்பை அங்கனயே போட்டுருங்க, யாரும் தொட வேணாம்."

குளித்து, ஜுலைகாவின் அண்ணன் ரபீக் நானாவின் கைலியைக் கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். ஜுலைகா இடுப்பில் இரண்டு வயது மகளோடு வந்து, "பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். கண்ணைப் பார்க்கவில்லை. நான் இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

"ஜுலைகா, நான் வந்தது அந்தக் கட்டுரை..."

உம்மா கையை உயர்த்தினார். "தம்பி, எங்க ஊட்டுல ஒரு வழக்கம் இருக்கு. விருந்தாளிக்கு மூணு நாள் ஹக்கு. அந்த மூணு நாளும் என்ன விசயமா வந்தீங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். நீங்களும் சொல்லக் கூடாது. தின்னுங்க, தூங்குங்க. நாலாம் நாளு எல்லாம் பேசிக்கலாம்."

"அம்மா, வியாழக்கிழமை..."

"நாலாம் நாளு வியாழந்தானே? சரியா இருக்கு."

ஹக்கு என்றால் உரிமை. என் உரிமையை என்மேலேயே போட்டு வாயைக் கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்தில் விருந்தாளி செருப்பைக் கழற்றுமுன் என்ன விசயம், எப்ப திரும்பிப் போறியள் என்ற இரண்டையும் கேட்டு முடித்துவிடுவோம். நான் ஜுலைகாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தால், இந்த வழக்கத்தை அன்று காலைதான் அவரே ஏற்படுத்தினார் என்று சந்தேகப்படத் தோன்றும்.

இரவு சஹன் சாப்பாடு. சஹன் என்பது ஒரு பெரிய தட்டு; அதைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். நெய்ச்சோறு, கோழி ஆணம், தாளிச்சா. ஆணம் என்றால் குழம்பு. நான், ரபீக் நானா, ஜுலைகாவின் வாப்பா மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணனும் தம்பியும் ஒரே கோப்பையில் சாப்பிட்டால் தடிமன், அதாவது சளி, பிடிக்கும் என்று அதட்டும் வீட்டில் வளர்ந்தவன் நான். என் பக்கத்துச் சோற்றுக்கு மனதுக்குள் ஒரு எல்லை கீறி, அதை மீறாமல் நாகரிகமாகத் தின்றேன். வாப்பா நல்ல கறித் துண்டாகப் பார்த்துத் தன் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். எல்லை கொஞ்ச நேரத்தில் அழிந்துபோயிற்று.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக் குடிமகன். தம்பி பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். தினமும் பிற்பகல் அவரோடு போனில் பேசுவார், அதுவும் பிரெஞ்சில். வீட்டில் வேறு யாருக்கும் அது முழுதாக விளங்காது என்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். வீட்டு ரகசியங்களையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்தபடியே உரத்துப் பேசலாம் அல்லவா?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இடியாப்பத்தில் பசியாறச் சொன்னார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்று பெயர். எனக்குப் பசியே வர விடாமல் பசியாறச் சொன்னார்கள். பிறகு ரபீக் நானா, "சும்மா ஊட்டுல இருந்தா என்ன பண்ணுவீங்க, வாங்க," என்று என்னைக் கிளிஞ்சல்மேட்டுக்கு அழைத்துப்போனார். அவருக்கு ஐஸ் வியாபாரம்; மீனவர்களுக்கு ஐஸ் போடுகிறவர். ஃபைபர் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

எடை போடும் இடத்தில் சண்டை. மீன் பெட்டியோடும் ஐஸோடும் தராசில் ஏறும். பெட்டிக்கும் ஐஸுக்குமாக ஒரு எடையை வழக்கமாகக் கழித்துவிட்டு மிச்சத்தை மீன் என்று எழுதுவார்கள். பச்சைச் சேலை கட்டிய மீனவப் பெண் ஒருத்தி பெட்டியைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் சொட்டி முடிந்திருந்தது.

"ஐஸு எங்க இருக்கு? காட்டு. எல்லாம் கரைஞ்சு ஓடிருச்சு. இல்லாத ஐஸை எதுக்குய்யா கழிக்கிற? நீ கழிக்கிறது எம் மீனு."

"எல்லாருக்கும் ஒரே கழிவுதான்க்கா. ஆளுக்கொரு கணக்குப் போட முடியுமா?"

"போடு. போட்டுப் பழகு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். கருவாட்டு வாடை என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு ரபீக் நானாவிடம் தேநீர் கேட்டேன். அது கருவாடு இல்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று பிற்பகல் உண்ட களைப்பில் கூடத்துப் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். வாப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படிக்கப் போகுமுன் இரண்டு வருடம் பாரிசில் என் மாமாவோடு தங்கி, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவன் நான். என் பிரெஞ்சில் இலக்கணம் குறைவு, கெட்ட வார்த்தை அதிகம், ஆனால் காது நல்ல காது. வாப்பா சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"ஆமாம், இலங்கைப் பையன் வந்திருக்கிறான். பாவம். நன்றாகச் சாப்பிடுகிறான். இல்லை, இன்னும் சொல்லவில்லை. மகள் அழுகிறாள். அந்த ஓட்டை கிடையாதாம். இவர்களே பிழையாகக் கழித்து உண்டாக்கிய ஓட்டையாம். தூங்குகிறான். இப்போதே சொன்னால் சோறு இறங்காது, வியாழக்கிழமை சொல்லட்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது?"

என் ஆயுளில் அவ்வளவு அசையாமல் படுத்ததில்லை. எழுந்து கேட்டால் மூன்று நாள் வழக்கத்தை மீறியவனாவேன், ஒட்டுக்கேட்டவனும் ஆவேன். கேட்காவிட்டால் வியாழன்வரை வெந்துகொண்டிருக்க வேண்டும். வெந்தேன். நாலு மணிக்கு உம்மா தேநீரும் சமோசாவும் கொண்டுவந்து, "நல்லாத் தூங்குனீங்களா தம்பி?" என்றார். நல்லாத் தூங்கினேன் என்றேன். சமோசா மூன்று தின்றேன். துக்கத்தில் எனக்குப் பசி குறைவதில்லை, அது எங்கள் குடும்ப வியாதி.

புதன்கிழமை வட்டலப்பம் வந்தது. தேங்காய்ப் பால், முட்டை, வெல்லம் சேர்த்து அவித்த இனிப்பு. எங்கள் நாட்டில் கித்துள் கருப்பட்டி போட்டுக் கறுப்பாகச் செய்வார்கள். எங்களுடையதுதான் நல்லது என்று வாய்வரை வந்ததை இரண்டாவது துண்டோடு சேர்த்து விழுங்கினேன். ஜுலைகா அன்று சமையற்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை. நான் தண்ணீர் கேட்கும் சாக்கில் இரண்டு தடவை போய் நின்றேன். இரண்டு தடவையும் உம்மா செம்போடு எதிரே வந்தார்.

மாலையில் வாப்பா என்னை மோட்டார் சைக்கிளில் காரைக்கால் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அரசலாறு கடலில் கலக்கும் இடம்வரை நடந்தோம். சுண்டல் வாங்கித் தந்தார். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் எப்படி, பனங்கிழங்கு எந்த மாதம், கப்பலில் ஏன் வாந்தி எடுத்தேன், எத்தனை தடவை என்று உலகத்தில் உள்ள எல்லாக் கேள்வியும் கேட்டார், ஒன்றைத் தவிர. எனக்குப் பொறுமை போயிற்று. பிரெஞ்சிலேயே சொன்னேன்: "ஐயா, அந்த ஓட்டை இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை."

வாப்பா சுண்டல் மெல்வதை நிறுத்தினார். கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க படிச்சீங்க?"

"பாரிசில. கோப்பை கழுவேக்க."

"அப்ப நேத்து..."

"ஓம். எல்லாம் கேட்டது."

"மகனே, என் தம்பி முழங்காலைப் பத்தியுமா?"

"அதையும்."

திரும்பி நடந்தார். மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடம் வந்ததும் சாவியைத் திருகாமல் நின்று சொன்னார்: "இன்னும் மூணு நாள் முடியல. நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. எம் பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் ராச்சாப்பாடு கெடைக்காது." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரித்தாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

வியாழன் காலை எல்லாம் மாறியிருந்தது. உம்மா எனக்குப் பரிமாறவில்லை. "நாஷ்டா அங்க இருக்கு, நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். ஜுலைகா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாப்பா போன்ல பேசுனதைக் கேட்டீங்களாமே?"

"அவர் சொல்லமாட்டன் எண்டவர்."

"அவங்களுக்கு உம்மாகிட்ட ஒண்ணும் மறைக்கத் தெரியாது." அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "சரி, படத்தைப் பாருங்க."

கழித்தல் என்பது இதுதான். ஆன்டெனாவுக்கு வரும் ஒளியில் வாயுவின் ஒளியும் தூசியின் ஒளியும் கலந்திருக்கும். வாயு மட்டும் வேண்டுமென்றால் தூசியின் பங்கைக் கழிக்க வேண்டும். தூசியின் ஒளி எவ்வளவு என்று பக்கத்து அலைவரிசைகளில், வாயு பேசாத இடத்தில் அளந்து, அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கழிப்போம். உலகமே அப்படித்தான் செய்கிறது. ஆனால் எங்கள் தட்டின் நடுவில் வாயு அவ்வளவு அடர்த்தி. தனக்குப் பின்னால் இருக்கும் தூசியின் ஒளியை அது தானே மறைத்துவிடுகிறது. வாயு பேசும் அலைவரிசையில் அந்தத் தூசி ஒளி எங்களுக்கு வந்து சேரவே இல்லை. வராத ஒன்றை நாங்கள் கழித்தோம். அதைக் கழித்தபோது வாயுவின் ஒளிதான் போயிற்று. வாயு அதிகமாக இருந்த இடமே வாயு இல்லாத இடமாகத் தெரிந்தது.

"கரைஞ்ச ஐஸ்," என்றேன்.

"என்னது?"

கிளிஞ்சல்மேட்டுச் சண்டையைச் சொன்னேன். ஜுலைகா கேட்டுவிட்டு, "இதைப் போயி எங்கயாச்சும் எழுதி, மீன்காரம்மா நமக்கு வானியல் சொல்லிக்குடுத்தாங்கன்னு போட்டுறாதீங்க. நான் மூணு வாரமா உக்காந்து கண்டுபிடிச்சது," என்றார். அந்தப் பெண்ணுக்கும் வானியலுக்கும் சம்பந்தமில்லை என்று இங்கே எழுத்தில் உறுதி கூறுகிறேன்.

கழிக்காத படத்தைத் திறந்தார். தட்டு வட்டமாக, நடுவரை நிறைந்து, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"மூணு வாரத்துக்கு முன்ன பாத்தேன்," என்றார். "அன்னைக்கே உங்களுக்கு எழுத உக்காந்தேன். எழுதி எழுதி அழிச்சேன். அப்பறம் எழுதவே வேணாம்னு தோணிருச்சு. ரெண்டு வருசமா ஊட்டுல இருக்கேன். இந்தப் பேப்பர் வந்தா திரும்ப உள்ள போயிறலாம். எனக்கும் இந்த ஓட்டை வேணும். ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தப் பொத்தானை அமுக்கிறலாமான்னு பத்து நாள் நெனச்சேன். நீங்க கப்பல் ஏறுறேன்னதும்தான் பயந்துபோனேன். உம்மாகிட்ட அழுதேன். மூணு நாள் எடுத்துக்கோன்னாங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை இந்தப் பயணக் கதையில் நான் உங்களுக்கு ஒன்றைச் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"ஜுலைகா, கழிக்காத படத்தை நான் முந்தியே பார்த்தனான்."

"எப்ப?"

"சித்திரையில. முதல் கிழமையிலயே."

"அதுல ஓட்டை இருந்துச்சா?"

"இல்லை."

அவர் மகள் மேசைக்கு அடியில் ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜுலைகா அந்தக் கரண்டியை வாங்கி மேலே வைத்தார்.

"ஏன் எனக்குக் காட்டல?"

அதற்கு என்னிடம் நிறையப் பதில் இருந்தது. அது இன்னும் சுத்தம் செய்யாத படம், கழிக்காத படத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, உலகமே இப்படித்தான் செய்கிறது. சித்திரையிலிருந்து அவற்றையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்து மனப்பாடமாகியிருந்தது. அவற்றை விட்டுவிட்டேன்.

"ஓட்டை இருக்கிற படம் வடிவாய் இருந்தது," என்றேன்.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"எழுதுங்க. சாயங்காலம் வரைக்கும் காக்க வேணாம்."

ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். கழித்ததில் பிழை நடந்துவிட்டது, தட்டின் நடுவில் வாயு நிறைய இருக்கிறது, கோள் இருப்பதாகச் சொன்னதற்கு ஆதாரமில்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். அவ்வளவும் பத்து நிமிடத்தில் வந்தது. ஜுலைகா வாசித்தார்.

"சித்திரையில பாத்தது?"

நேர்முகத் தேர்வு நடத்தப்போகிறவர்கள் இதை வாசிக்க மாட்டார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இன்னொரு வரி சேர்த்தேன்: 'முதல் ஆசிரியர் கழிக்காத படத்தை முன்பே பார்த்திருந்தும் அதைப் பொருட்படுத்தவில்லை.' அந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஜுலைகா திரைக்குக் குனிந்து மெதுவாக வாசித்தார்.

"'பொருட்படுத்தவில்லை' இல்லைங்க. 'மறைத்தார்'."

மாற்றினேன்.

"இப்ப அதுக்குக் கீழ, ரெண்டாம் ஆசிரியர் தெரிஞ்சும் மூணு வாரம் சொல்லாம இருந்தார்னு போடுங்க."

"அது தேவையில்லை ஜுலைகா. நீங்கள்தானே கண்டுபிடிச்சது."

"போடுங்க."

போட்டேன். அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது, அதன் பின்னால் வெட்கம் வந்தது. ஆறு வருட வேலையை ஒரு மின்னஞ்சலில் கரைத்துவிட்டேன் என்று தெரிந்தது. கண் கலங்கியது. அதை அவர் பார்த்தார். அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

திரையில் அந்தத் தட்டு நடுவரை நிறைந்து கிடந்தது. இத்தனை மாதத்தில் அதனிடமிருந்து எனக்கென்று எதையும் எதிர்பார்க்காமல் நான் அதைப் பார்த்தது அன்றுதான்.